மொய் நோட்டில் இல்லாத பெயர்

கேள்வி: நானும் என் துணையும் 14 வருடங்களாகத் திருநகரில் சேர்ந்து வாழ்கிறோம். இருவரும் பெண்கள். அக்கம்பக்கத்துக்கு நாங்கள் தோழிகள், அவ்வளவுதான். அவளுக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். காதுகுத்து, கல்யாணம் என்று அடிக்கடி கிளம்பிவிடுவாள். என்னைக் கூப்பிட்டதே இல்லை. முன்பு இதற்காகச் சண்டை போடுவேன். இப்போது சண்டையும் இல்லை, பேச்சும் குறைந்துவிட்டது. எங்களைப் போன்றவர்கள் கடைசிவரை சேர்ந்திருக்க என்ன செய்கிறார்கள்?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: சண்டை நின்றுபோனதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஜான் காட்மேன், ராபர்ட் லெவன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒருபால் ஜோடிகளை 12 வருடம் கவனித்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆண்-பெண் தம்பதிகளைவிட இவர்கள் சண்டையை ஆரம்பிக்கும்போதே கடுமை குறைவாம், கேலியும் சிரிப்பும் கூடவாம். பெண் ஜோடிகள் கோபத்தைக்கூட மறைக்காமல் காட்டினார்கள். சின்ன ஆய்வுதான், அதுவும் வேறு நாடு. வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனாலும் ஆரம்பிக்கும் விதம் முக்கியம் என்பதை நானும் நம்புகிறேன். அவள் பையைத் தூக்கும் நேரத்தில் "உங்க ஊர்ல நான் யாரு?" என்றால் அவள் பஸ்ஸைப் பார்ப்பாளா, பதில் சொல்வாளா? நாலு நாள் முன்பே, சாப்பிட்டு முடித்த பிறகு, "நீ இல்லாத ராத்திரி எனக்குச் சோறு இறங்கல" என்று சொல்லிப் பாருங்கள்.

மற்ற தம்பதிகள் முறைத்துக்கொண்டால் மாமியார் வருவார், சித்தப்பா வருவார், பாதி பேர் காரியத்தைக் கெடுத்தாலும் யாராவது ஒருவர் சமாதானம் பண்ணிவிடுவார். உங்களுக்கு அந்தத் தொல்லையும் கிடையாது, துணையும் கிடையாது. உங்கள் உறவைத் தெரிந்த இரண்டு பேராவது வேண்டும். ஆனால் அவள் பக்கத்தில் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அவள் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பு தரச் சொல்லித் தீர்ப்பு சொன்ன வழக்கே, வீட்டு எதிர்ப்பால் மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களுடையதுதான்.

அதுவரை ஒன்று செய்யலாம். அடுத்த விசேஷத்துக்கு அவள் போகும்போது உங்கள் பெயரில் தனியாக ஒரு மொய் கொடுத்துவிடுங்கள். ஐநூறு ரூபாய் போதும். "யாருத்தா இது?" என்று கேட்டால் "என் கூட இருக்கவ" என்று அவள் சொல்லட்டும், பொய்யில்லையே! உசிலம்பட்டிப் பக்கத்தில் மொய் நோட்டில் பெயர் ஏறிவிட்டால் அது சாதாரண விஷயமா? நாளைக்கு நீங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சினால் அவர்கள் திருப்பிச் செய்ய வேண்டும், பத்திரிகை வைக்க உங்களைத் தேட வேண்டும். உறவுமுறை சொல்லாமலே உறவு ஆகிவிடுகிற வழி இது. இதற்கும் அவள் மறுத்தால், பிரச்சினை ஊரிலா உங்கள் வீட்டுக்குள்ளா என்று இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.

அப்புறம் காகிதங்கள். காதலைப் பற்றிக் கேட்டால் இவர் பத்திரம் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். "எனக்கு ஏதாவது ஆனால் இவள் தெருவில் நிற்பாளோ" என்ற பயம் போனால் பாதி எரிச்சல் தானே குறையும். உச்ச நீதிமன்றம் 2023-இல் ஒருபால் திருமணத்துக்கு அங்கீகாரம் தரவில்லை. அதனால் உயில் இல்லாவிட்டால் அவள் சொத்து பிறந்த வீட்டுக்குத்தான் போகும், உங்களுடையதும் அப்படியே. இருவரும் தனித்தனியாக உயில் எழுதி, சொத்தில் பங்கில்லாத இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வங்கியில் யாராவது இழுத்தடித்தால் அதைச் சொல்லி, மேனேஜரைப் பார்க்கக் கேளுங்கள்.