எர்னஸ்ட் கெய்ன்ஸ் நாவலில் வரும் ஆசிரியர் கிராண்ட், தன் சொந்த மக்களையே வெறுக்கிறாரா?

வெறுக்கவில்லை. கடன்பட்டவனுக்கு வரும் எரிச்சல் அது. படித்த ஆசிரியர் ஒருவர் படிக்காத கைதியைக் கரையேற்றும் கதையாக ‘அ லெசன் பிஃபோர் டையிங்’ (1993) நாவலை வாசித்தால், கிராண்டின் கோபம் கடைசிவரை பிடிபடாது.

களம் 1940களின் பிற்பகுதி, லூசியானாவின் கரும்புத் தோட்டம். வெள்ளைக்காரக் கடைக்காரர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அங்கே இருந்த ஜெஃபர்சன் என்ற கறுப்பின இளைஞனுக்கு மரண தண்டனை. ஜூரிகள் 12 பேரும் வெள்ளை ஆண்கள். அவனைக் காப்பாற்ற வாதாடும் வக்கீலே, இவனை மின்சார நாற்காலியில் உட்கார வைப்பதும் பன்றியை உட்கார வைப்பதும் ஒன்றுதான் என்கிறார். தீர்ப்பைவிட அந்தப் பேச்சுதான் அவனை முடக்குகிறது. சிறையில் கையூன்றி மண்டியிட்டு, பன்றி மாதிரியே தின்று காட்டுகிறான். அவனுடைய ஞானத்தாய் மிஸ் எம்மா விடுதலை கேட்கவில்லை. சாகும்போது அவன் மனுஷனாகச் சாக வேண்டும், அதற்கு ஊர் வாத்தியார் கிராண்ட் சிறைக்குப் போய் அவனிடம் பேச வேண்டும் என்கிறார்.

கிராண்டின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, தோட்ட முதலாளி ஹென்றி பிஷோவின் வீட்டுக் காட்சியை நிதானமாகப் படியுங்கள். சிறைக்குள் போக ஷெரீஃபின் அனுமதி வேண்டும்; ஷெரீஃபோ பிஷோவின் மைத்துனர். பல்கலைக்கழகம் வரை படித்தவர் பின்வாசல் வழியாக நுழைந்து, சமையலறையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் காத்துக்கிடக்கிறார். பேசும்போது இலக்கணம் பிசகாமல் பேசினால் அதுவே திமிராகப் படும். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. யார் எந்த வாசலில் வருவது, யார் எவ்வளவு நேரம் நிற்பது என்பதிலேயே இன ஒடுக்குமுறை முழுசாக நடந்துவிடுகிறது. அந்த வாசலுக்கு அவரை அனுப்பியதும், அதே வாசலிலிருந்து அவர் தப்பிக்கத்தான் என்று படிக்க வைத்ததும் ஒரே ஆள், அத்தை டான்ட் லூ. அவர்மீது எரிந்துவிழாமல் என்ன செய்வார்?

பலர் தவறவிடுவது 27ஆம் அத்தியாயம். பாதிரியார் ஆம்ப்ரோஸ், அத்தை கை புண்ணாகக் கரும்பு வெட்டி இவரைப் படிக்க வைத்ததையும், வலியை மறைத்துப் பொய் சொன்னதையும் போட்டு உடைக்கிறார். தன் ஊரைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது வாத்தியாருக்கு அங்கேதான் உறைக்கிறது. என் கணக்கில் நாவலின் முதுகெலும்பே அதுதான். கிராண்ட் கெட்டவர் என்று முடிவுகட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அத்தியாயத்தை அவசரமாகக் கடந்தவர்கள்.

ஜெஃபர்சன் வாய்திறப்பதும் உபதேசத்தால் அல்ல. தெரிந்தவர்களிடம் காசு திரட்டி கிராண்ட் வாங்கித் தந்த ரேடியோ, பள்ளிப் பிள்ளைகள் கொடுத்தனுப்பிய வேர்க்கடலையும் பீக்கன் கொட்டைகளும், அப்புறம் ஒரு நோட்டும் பென்சிலும். அந்த நோட்டுதான் 29ஆம் அத்தியாயம்: பிழையான எழுத்துகளுடன், நிறுத்தக்குறி இல்லாமல், அவனே எழுதியது. அதுவரை கதை சொன்ன கிராண்ட் அங்கே ஒதுங்கிக்கொள்கிறார். தண்டனை நிறைவேறும் நாளைச் சொல்லும் அடுத்த அத்தியாயமும் அவர் குரலில் இல்லை, ஊராரின் பார்வையில் நகர்கிறது. தண்டனையைப் பார்க்க அவர் போவதுமில்லை. அதைக் கோழைத்தனம் என்று தீர்ப்புச் சொல்லும் முன், கதைசொல்லி மாறும் இந்த இரண்டு அத்தியாயங்களையும் சேர்த்து ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள்.