விலைவாசி ஏறித் தட்டுப்பாடு வரும் என்று தெரிந்தால், வீட்டுச் சாமான்களை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைக்கலாமா?

சேர்த்து வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் தட்டுப்பாடு என்று காதில் விழுந்ததுமே அரிசி மூட்டைக்கு ஓடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த அரிசியை எதைக்கொண்டு வேகவைக்கப் போகிறீர்கள் என்பதைத்தான். எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது, அது பதுக்கல் ஆகாதா, கையில் காசு போதாவிட்டால் கடன்பட்டாவது வாங்கலாமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பள்ளிக்கூடம் போனேன். 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை மூடப்பட்டபோது புதிதாகக் குடித்தனம் தொடங்கியிருந்தேன். 2022இல் பிள்ளைகளோடும் வயதான மாமியாரோடும் வீட்டை நடத்தினேன். மூன்று தட்டுப்பாடுகளும் ஒன்றைப்போல் ஒன்று இருக்கவில்லை என்பதிலிருந்துதான் என் பதிலைத் தொடங்க வேண்டும்.

எந்தப் பொருள் முதலில் காணாமற் போகும் என்பதை, தட்டுப்பாடு எதனால் வருகிறது என்பதே தீர்மானிக்கிறது. 1990களில் போர்த் தேவைக்குப் பயன்படக்கூடும் என்ற காரணத்தைச் சொல்லி மண்ணெண்ணெய், பெற்றோல், மின்கலம், சீமெந்து, உரம் போன்றவற்றை வடக்கே வரவிடாமல் அரசாங்கம் தடுத்தது. சவர்க்காரம்கூட அரிதாகிப் போனது. அப்போது எங்கள் வயல்களிலும் தோட்டங்களிலும் விளைந்ததை உண்ண முடிந்தது, இரவில் படிக்கத்தான் வெளிச்சம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு எரித்த விளக்கில்தான் எங்கள் தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்ததும் அக்காலத்தில்தான். 2006இல் நிலைமை வேறு. பாதை மூடப்பட்டதும் வெளியிலிருந்து வரவேண்டிய சீனி, மா, பால்மா, பருப்பு எல்லாம் கப்பலையே நம்பியிருந்தன. கப்பல் வந்தால் சங்கக்கடையில் குடும்ப அட்டைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள், வராவிட்டால் இல்லை.

2022இல் தடையும் இல்லை, பாதையும் திறந்திருந்தது; நாட்டிடம் டொலர்தான் இல்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 760 கோடி டொலராக இருந்த அந்நியச் செலாவணி ஒதுக்கம் 2021 இறுதியில் 310 கோடி அளவுக்கு வந்துவிட்டது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. டொலர் இல்லாத நாட்டில் முதலில் மறைவது இறக்குமதிப் பொருள்: பால்மா, சமையல் எரிவாயு, பெற்றோல், டீசல், மருந்து, பருப்பு. உள்ளூர்ப் பொருள் தப்பிவிடும் என்று எண்ணினால் அதுவும் தவறு. உரமும் டீசலும் இல்லாமல் போக, சில மாதங்கள் பின்தங்கி அதன் விலையும் ஏறிவிடும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, பிறகு நவம்பரில் அம்முடிவைக் கைவிட்டார்கள். அதற்குள் மாரிகாலத்துப் பெரும்போக நெற்செய்கை கெட்டுவிட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ஆகவே எதை வாங்குவது என்று பட்டியல் எழுதுவதற்கு முன், உங்கள் ஊரில் வரப்போகும் தட்டுப்பாடு பாதையாலா, பணத்தாலா, விளைச்சலாலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்கு முன்னே வாங்க வேண்டியதும் நாணயம் சரியும்போது வாங்க வேண்டியதும் ஒன்றல்ல.

இந்த இடத்தில் ஒரு முன்னறிகுறியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களில் பலர் அதைப் பிழையாகவே படித்தார்கள். ஒரு பொருளுக்கு அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை அறிவித்து வர்த்தமானி வெளியிட்டால், விலை இனி ஏறாது என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். இறக்குமதி செய்கிறவருக்கு அடக்கவிலையே அதைவிடக் கூடுதலாக இருக்கும்போது அவர் கொண்டுவருவதை நிறுத்திவிடுவார். பொருள் கடைத் தட்டிலிருந்து மறையும். பிறகு கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் வேறு விலையில் திரும்பி வரும். 2021 ஒக்டோபரில் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் நடந்தது அதுதான். 945 ரூபாயாக இருந்த ஒரு கிலோ பால்மா 1,195 ஆனது, அடுத்த மார்ச்சில் 1,945 ஆனது. 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 1,493இலிருந்து 2,750க்குத் தாவி, 2022 ஏப்ரலில் 4,860க்குப் போனது. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை என்பதுதான் கொடுமை.

சிலிண்டர் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. ஆட்கள் நிற்கமாட்டார்கள், சிலிண்டர்கள்தான் நிற்கும். வெற்றுச் சிலிண்டர்களை வீதியோரமாக ஒன்றையொன்று தொட நிறுத்தி, கைபிடி வளையத்துக்குள்ளால் சங்கிலியையோ கயிற்றையோ கோத்துப் பூட்டி, ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கட்டியால் இலக்கம் எழுதியிருப்பார்கள். லொறி வருகிறது என்று யாராவது சொன்னால் நிழலில் இருந்தவர்களும் வீட்டுக்குப் போனவர்களும் ஓடி வருவார்கள். லொறி வந்து, பாதி வரிசைக்குக் கொடுத்து முடித்துப் போய்விட்டால், மிச்சச் சிலிண்டர்கள் இரவெல்லாம் அங்கேயே கிடக்கும்.

கொழும்பு வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா மிகுந்த முன்யோசனைக்காரி. பொருள்கள் குறையத் தொடங்கியபோதே அரிசி, பருப்பு, டின்மீன், சோயாமீற் எல்லாம் வாங்கி அறையொன்றை நிரப்பி வைத்திருந்தார். சிலிண்டர் முடிந்த அன்று அத்தனையும் இருந்தும் சமையல் இல்லை. மின்சார அடுப்பு இருந்தது, ஆனால் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கினார், மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்றது. எங்கள் வீட்டில் அவ்வளவு சாமான் இல்லை. ஆனால் கொல்லைப்புறத்தில் பழைய மண் அடுப்பு இருந்தது, காய்ந்த பனைமட்டை, தென்னம்பாளை, பொச்சுமட்டை, சிரட்டை இருந்தன. புகையில் கண் எரிந்தாலும் வேளைக்கு உலை கொதித்தது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு பொருளைச் சேர்க்கும்போது அது எந்தெந்தப் பொருளை நம்பியிருக்கிறது என்றும் பாருங்கள். அரிசிக்கு நெருப்பும் நீரும் வேண்டும். மாடி வீட்டில் நீருக்கு மோட்டார் வேண்டும், மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். அந்தச் சங்கிலியில் முதலில் அறக்கூடிய கண்ணி எதுவோ அதற்கு இரண்டாவது வழி ஒன்றை ஏற்படுத்துவதே, அறை நிறைய மூட்டை அடுக்குவதைவிட முக்கியம்.

விறகடுப்புக்கு இடமில்லாதவர்கள் எரிபொருளை மிச்சம்பிடிக்கும் சமையலைப் பழகலாம். அரிசியையும் பருப்பையும் முன்கூட்டியே ஊறவைத்தால் வேகும் நேரம் கணிசமாகக் குறையும். சோறு நன்றாகக் கொதித்து அரை வேக்காடு வந்ததும் இறக்கி, இறுக மூடி, பழைய போர்வையால் சுற்றி வைத்தால் மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். அவல், வறுத்த உழுத்தம்மா, பொரிமா போன்றவை அடுப்பில்லாமலே பசியாற்றும். வறுத்த அரிசிமா இருந்தால் சுடுநீர் ஒன்று கொதித்தால் போதும், இடியப்பமோ பிட்டோ சிறிது நேரத்தில் ஆகிவிடும். எங்கள் ஊரில் தை, மாசியில் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கி வைப்பது இன்றைக்கும் உண்டு. கூழுக்கும் பிட்டுக்கும் ஆகும் அந்த ஒடியல், ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மோர்மிளகாய், வடகம், ஊறுகாய், கருவாடு ஆகியவை கறிக்கு வழியில்லாத நாளில் கைகொடுக்கும். இவையெல்லாம் பழம்பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. கடையை நம்பாமல் கிடைத்தவை இவைதான்.

எவ்வளவு என்ற கேள்விக்கு என் கணக்கு: நீங்கள் வழக்கமாக உண்ணும் பொருள்களில் ஒரு மாதத்துக்கு, கூடினால் ஒன்றரை மாதத்துக்குப் போதுமானது. அதற்கு மேல் போனால் விலையைவிட வண்டுதான் பெரிய பகையாகும். தவிடு நீக்காத சிவப்பரிசியில் எண்ணெய் இருப்பதால் அது தீட்டிய அரிசியைவிட விரைவில் காறிப்போகும். பச்சையரிசியைவிடப் புழுங்கல் அரிசி நின்றுபிடிக்கும். அரிசியைவிட நெல் இன்னும் நிற்கும். கோதுமை மா மாரிகாலத்தில் மிக விரைவாகப் புழுப்பிடிக்கும் என்பதால் அதைக் குவிப்பதில் பயனில்லை. வாங்கிய அரிசியை வெயிலில் உலர்த்தி, நன்றாக ஆறவிட்டு, காய்ந்த வேப்பிலையோ செத்தல் மிளகாயோ போட்டு இறுக்கமான பாத்திரத்தில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மண்ணெண்ணெய்ப் போத்தலையும் சவர்க்காரத்தையும் அரிசிக்கு அருகே வைக்காதீர்கள், அந்த வாடை சோற்றில் ஏறினால் யாரும் உண்ணமாட்டார்கள். புதிதாக வாங்கியதைப் பின்னே வைத்து, பழையதை முன்னே எடுத்து உபயோகித்து வாருங்கள். வழக்கமாக வீட்டில் உண்ணாத ஒன்றை மலிவு என்பதற்காக வாங்கி அடுக்குவது வெறும் செலவு. சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, உப்பு, பெண்களுக்கான அணையாடை ஆகியவை எளிதில் கெடுவதில்லை. சேர்த்து வைப்பதானால் இவற்றில் தாராளமாக இருக்கலாம்.

பெற்றோலை மட்டும் வீட்டில் சேர்க்கவே வேண்டாம். 2022இல் தண்ணீர்ப் போத்தலிலும் பிளாஸ்ரிக் கானிலும் பெற்றோலைக் கட்டிலுக்குக் கீழே வைத்தவர்கள் இருந்தார்கள். அதன் ஆவி தீப்பிடிக்க ஒரு மெழுகுதிரி போதும், மின்வெட்டுக் காலத்தில் மெழுகுதிரி இல்லாத வீடும் இல்லை. அந்த வருடம் ஓகஸ்டில், வாகனத்துக்கு இவ்வளவு என்று எரிபொருளை அளந்து கொடுக்கும் கியூ.ஆர். அட்டை முறை நாடெங்கும் வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று வரையறுக்கப்பட்டதும் வரிசை தானாகக் கரைந்தது. கிழமைக்கு இவ்வளவு நிச்சயம் என்று தெரிந்ததும் போத்தலில் பிடித்து வைக்கும் ஆசை பலருக்கு விட்டுப்போனது.

பதுக்கல் பற்றிய உங்கள் கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு தெருவில் நூறு வீடுகள் வழக்கமாகக் கிழமைக்கு ஒரு கிலோ சீனி வாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரே கிழமையில் அத்தனை பேரும் மாதத்துக்கானதை வாங்கினால் கடைக்கு நானூறு கிலோ வேண்டும். இறக்குமதி ஒரு துளியும் குறையாமலே கடை வெறுமையாகிவிடும். அதே வீடுகள் மூன்று மாதத்தில், ஒவ்வொரு தடவையும் கால் கிலோ கூட்டி வாங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வரிசை தொடங்குவதற்கு முன் சிறுகச் சிறுகச் சேர்ப்பது குடும்ப நிர்வாகம். வரிசை தொடங்கியபின் மகனை ஒரு தடவையும் மருமகளை ஒரு தடவையும் அனுப்பி இரண்டு பங்கு எடுப்பது அயலவரின் பங்கை எடுப்பது. 2021 ஓகஸ்ட் இறுதியில் அவசரகால விதிமுறைகளைக் கொண்டுவந்து களஞ்சியங்களில் சீனியைத் தேடிப் பிடித்தார்கள். அது வியாபாரப் பதுக்கல், அந்தக் கணக்கில் வீட்டுப் பெண்களைச் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

மருந்து விடயத்தில் மட்டும் முந்திக்கொள்ளத் தயங்க வேண்டாம். 2022 மே மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த முதல் நிவாரணக் கப்பலில் 9,000 தொன் அரிசியோடும் 200 தொன் பால்மாவோடும் மருந்தும் வந்தது. எங்களிடம் எது இல்லாமல் போயிருந்தது என்பதை அந்தப் பட்டியலே சொல்லும். இரத்த அழுத்தம், நீரிழிவு, தைரொயிட், வலிப்பு போன்றவற்றுக்கு நாள்தோறும் மாத்திரை எடுக்கிறவர்கள் வீட்டில் இருந்தால், வைத்தியரிடம் சொல்லி இரண்டு மாதத்துக்கானதைக் காலாவதித் திகதி பார்த்து வாங்கி வையுங்கள். அந்த வகை கிடைக்காவிட்டால் எதை மாற்றாக எடுக்கலாம் என்பதையும் அப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். என் மாமியாரின் இன்சுலினை மின்வெட்டு நேரங்களில் நீர் புகாத உறையில் இட்டு, ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் சிறு முட்டி வைத்து அதில் வைத்திருந்தோம்; காற்றோட்டமான நிழலில் அது குளிர்ச்சியாகவே இருந்தது.

கடன்பட்டு வாங்குவதற்கு என் பதில், வேண்டாம் என்பதே. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதன் பிறகு நகை அடகுக்கும் கடனுக்கும் வட்டி எப்படிப் போனது என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ஏறிய விலை எப்போதும் மேலேயே நிற்பதும் இல்லை. 4,860க்குப் போன சிலிண்டர் 2023 ஜூலையில் 3,000 ரூபாய்க்குக் கீழே வந்தது. பருப்பும் மாவும் உச்சத்திலிருந்து இறங்கின. உச்ச விலையில் சங்கிலியை அடகு வைத்துப் பருப்பு மூட்டை வாங்கிய குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. பருப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது, வட்டி மட்டும் இன்னும் கட்டி முடியவில்லை.