பைண்டிங் போட்ட ப்ராஜெக்ட் வாங்கலாமா?

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். பகலில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. 'இனக்குழு ஏற்றத்தாழ்வை விளக்கும் சமூகவியல் கோட்பாடுகள்' என்று ப்ராஜெக்ட் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர் ஓட்டல்களில் வேலை பார்க்கும் வடமாநிலப் பையன்களைப் பற்றி எழுத ஆசை. ஆனால் பாடப்புத்தகத்தில் ஆறு கோட்பாடுகள் இருக்கின்றன, ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு டைப்பிங் சென்டரில் 7,500 ரூபாய் கொடுத்தால் ஆறையும் சேர்த்து எழுதி, பைண்டிங் போட்டே தருகிறோம் என்கிறார்கள். கொடுத்துவிடலாமா?
(வாசகி, வீரவநல்லூர்)

பதில்: கொடுக்காதீர்கள்.

முப்பது வருஷம் வைவா (வாய்மொழித் தேர்வு) மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். ஒரு பெண் கொண்டுவந்த ப்ராஜெக்டின் நன்றியுரையில் 'என் அன்புக் கணவருக்கும் இரு குழந்தைகளுக்கும்' என்று இருந்தது. அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. தலைப்பில் திருநெல்வேலி, மூன்றாம் இயலில் சேலம். நூறு பேரிடம் கேட்டதாக அட்டவணை: 'ஆம்' 62, 'இல்லை' 38. அதே 62, 38 அந்த வருஷம் இன்னும் இரண்டு ப்ராஜெக்டில் வந்தது. அதில் ஒன்று முதியோர் இல்லத்தைப் பற்றியது. அந்தப் பெண் மேசை முன்னால் நின்று அழுதாள். கடைக்காரர் காசைத் திருப்பித் தரவில்லை.

கடைக்காரரை மட்டும் ஏசி என்ன பயன்? வழிகாட்டி என்று ஒருவர் பெயர் அச்சாகியிருக்கும், அவரைக் கையெழுத்து வாங்கும் அன்றுதான் கண்ணால் பார்க்க முடியும். எத்தனை பக்கம், எழுத்து என்ன சைஸ் என்று கேட்பார்கள். யாரிடம் போய்ப் பேசினாய் என்று கேட்க ஆளில்லை. அந்த ஓட்டையில்தான் டைப்பிங் சென்டர் கடை விரிக்கிறது.

சரி, உங்கள் கவலைக்கு வருகிறேன். ஆறும் வேண்டாம். இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று மோதவிடுங்கள்.

ஒன்று, 'நாளடைவில் கரைந்துவிடுவார்கள்' என்ற கோட்பாடு. சிகாகோவில் சமூகவியலாளர் ராபர்ட் பார்க் 1920களில் சொன்னது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முதலில் தொடர்பு, பிறகு போட்டி, அப்புறம் ஒத்துப்போதல், கடைசியில் கரைதல். ஏற்றத்தாழ்வு இந்தப் பயணத்தின் நடுவில் வரும் சிரமம், அவ்வளவுதான். பார்க் பெயரே தெரியாமல் நம் ஊர்க் கடைக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்: "தமிழ் பழகட்டும் சார், சம்பளம் தானா கூடும்."

இன்னொன்று, சமூகவியலாளர் எட்னா பொனாசிச் 1972-ல் முன்வைத்த 'பிளவுண்ட உழைப்புச் சந்தை'. இதில் மூன்று பேர்: முதலாளி, கூலி கூடுதலாக வாங்கும் தொழிலாளி, அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்யும் வேறு இனக்குழுத் தொழிலாளி. சண்டை பின்னவர்கள் இருவருக்குள்ளும் நடக்கும். அதை மூட்டுவது கூலி வித்தியாசம், மொழியும் நிறமும் அதற்குப் போர்த்திய சட்டை.

ஜங்ஷன் பக்கம் நான் போகிற பரோட்டாக் கடையில் சாயங்காலம் நாலு மணிக்கு மாவு பிசைகிறவன் ஒரு ஒடிசாப் பையன். பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி அடுக்குவது வரை அவன் வேலை. ஏழு மணிக்குக் கல் முன்னால் நிற்பவர் உள்ளூர் மாஸ்டர். இரண்டு வருஷத்தில் பையன் வீச்சும் கற்றுக்கொண்டான். மாஸ்டர் வராத நாளில் கல்லில் அவன்தான். "பெரியவரே, சால்னா ஊத்தவா?" என்று என்னிடமே கேட்கிறான். ஆனால் மாஸ்டருக்குத் தினக்கூலி, இவனுக்கு மாதச் சம்பளம். அதிலும் கூட்டிவந்த ஏஜென்ட் பிடித்துக்கொண்டது போக மிச்சம். தமிழ் வந்துவிட்டது, மாஸ்டர் கூலி வரவில்லை. பார்க் இந்தக் கல்லில் தடுக்கி விழுகிறார்.

மாஸ்டருக்கு முதலாளி மேல் கோபமில்லை. "இவனுவ வந்த பொறவுதான் சார் நம்ம கூலி கெட்டுப்போச்சு" என்கிறார். உங்கள் ப்ராஜெக்ட் முழுக்க இந்த ஒரு வாக்கியத்துக்குப் பொழிப்புரையாக இருந்தாலே போதும். பையன் ஏன் குறைவாக வாங்குகிறான்? ஊரில் கடன், இங்கே கேட்க நாதியில்லை, சங்கம் கிடையாது. ஒப்பந்ததாரர் மூலம் வரும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1979-லேயே சட்டம் எழுதி வைத்தார்கள். எழுதி வைத்தார்கள்.

இனி, எல்லோரும் விழுகிற குழி. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். இந்தச் சண்டை இரண்டு விதமாக முடியும் என்கிறார் பொனாசிச். ஒன்று, வெளியேற்றுவது: அமெரிக்கா 1882-ல் சீனத் தொழிலாளர் வரவைச் சட்டம் போட்டுத் தடுத்தது, ஆஸ்திரேலியா கரும்புத் தோட்டங்களில் இருந்த பசிபிக் தீவினரை அனுப்பியது. மற்றது, நல்ல வேலையை ஒரு கூட்டம் தனக்கென்று பூட்டிக்கொண்டு மற்றவரைக் கீழ்வேலையில் நிறுத்துவது: தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களைப் போல. இந்த இரண்டாவதற்கு அவர் வைத்த ஆங்கிலப் பெயர், நம் சாதிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் அதே சொல், 'caste'. டைப்பிங் சென்டர்காரர் அதைச் 'சாதி' என்று போட்டு, அடுத்த பக்கத்தில் மநு தர்மத்தைக் கொண்டுவந்து ஒட்டுவார். வைவாவில் முதல் கேள்வி அங்கேதான் விழும்.

நம் சொல்லே குழப்பம் பிடித்தது. இனச்சுழற்சி (இட ஒதுக்கீட்டு வரிசைமுறை) என்று அரசாணையில் வரும் 'இனம்' சாதிப் பிரிவு. 'தமிழினம்' என்பதில் வருவது வேறு. அதனால் 'இனக்குழு' என்றே எழுதுங்கள், கடைசிப் பக்கம் வரை மாற்றாதீர்கள். சாதி வேறு இனம் வேறு என்று அம்பேத்கர் 1936-லேயே வாதிட்டார்: பஞ்சாப் பிராமணரும் பஞ்சாப் சமாரும் (தலித் சமூகத்தினர்) ஒரே இன வழியினர் என்றார். நம் இடையன்குடி கால்டுவெல்லே 1849-ல் நாடார்களைப் பற்றிய நூலில் அவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்று இனக்கதை சேர்த்து, பின்னாளில் அந்தச் சமூகத்தின் கடும் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டார். நாங்குநேரிப் பக்கம் பள்ளிப் பையன்கள் கையில் கட்டும் கலர் கயிறு சாதிச் சங்கதி. அதை இந்த ப்ராஜெக்டுக்குள் இழுக்காதீர்கள். உங்கள் ஓட்டல் பையனுக்கும் அவன் ஊரில் ஒரு சாதி உண்டு. இங்கே அது யாருக்கும் தெரியாது. பீகாரி, ஒடியா, வங்காளி எல்லோரும் ஒரே 'வடக்கன்'. வெளியிலிருந்து ஒட்டுகிற இந்த ஒற்றை லேபிள்தான் உங்கள் இனக்குழு.

வரலாறு ஒரு பத்தி வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். நம் பூட்டன்மார் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டத்துக்குப் போனபோது கூட்டிப்போனவன் கங்காணி. ஆட்களின் கடனை ஒரு 'துண்டு'ச் சீட்டில் எழுதி, அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆளை மாற்றிவிடுவார்கள். 1921-ல்தான் அதை ஒழித்தார்கள். இன்றைய ஏஜென்டிடம் துண்டு இல்லை, அட்வான்ஸ் நோட்டு இருக்கிறது.

மூன்று கடை, பத்துப் பையன்கள், நாலைந்து மாஸ்டர்கள் போதும். நூறு பேர் வேண்டும் என்று வழிகாட்டி சொன்னால், நேரில் பேசி ஆழமாகப் பார்க்கும் ஆய்வு இது என்று முன்னுரையில் எழுதிவிடுங்கள். ஏஜென்டை மொழிபெயர்க்க விடாதீர்கள், இலவசமாக வருகிறேன் என்றாலும் வேண்டாம். சம்பளத்தை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். ஊர் எது, யார் கூட்டிவந்தது, ஆதார் யார் கையில் இருக்கிறது, வீட்டுக்கு எப்படிப் பணம் அனுப்புகிறாய் என்று போனால் சம்பளம் தானாக வரும். மூன்று மணிக்குப் போங்கள், கடை ஓய்ந்திருக்கும். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் எல்லோருக்கும் நல்ல சம்பளம்தான்.