சீனாவின் பொருளாதார மாற்றத்தை வகுப்பில் ஆவணப்படம் போட்டு நடத்தலாமா, எந்தப் படம்?

தாராளமா நடத்தலாம், ஆனால் முழுப் படத்தையும் ஓடவிட்டுவிட்டு "என்ன புரிந்தது?" என்று கேட்டால் ஒன்றும் நிற்காது. ஒரே படம் போதும் என்றால் நான் எடுப்பது லிக்சின் ஃபான் இயக்கிய 'லாஸ்ட் டிரெயின் ஹோம்' (2009). சிச்சுவான் கிராமத்தில் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, குவாங்சோ நகரத்தில் தையல் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு கணவன் மனைவி, சீனப் புத்தாண்டுக்கு மட்டும் ஊருக்கு வருகிறார்கள்.

ரயில் நிலையத்தில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நாள்கணக்கில் நெருக்கியடித்து நிற்கும் காட்சி வரும், அங்கே நிறுத்துங்கள். ஏன் பிள்ளைகளை நகரத்துக்கே கூட்டிப்போகவில்லை என்று கேளுங்கள். அப்போதுதான் ஹுகோவ் என்ற குடும்பப் பதிவு முறையை விளக்க முடியும்: பதிவு கிராமத்தில் இருந்தால் நகரத்துப் பள்ளியில் இடம் கிடைப்பது பெரும்பாடு. சந்தைக்குக் கதவைத் திறந்த 1978 பொருளாதாரச் சீர்திருத்தம், வெளிநாட்டு முதலீட்டுக்காக 1980இல் ஷென்சென் நகரில் தொடங்கிய சிறப்புப் பொருளாதார மண்டலம் எல்லாவற்றையும் இதற்கு அப்புறம் சொன்னால் மனதில் ஏறும், முதலிலேயே சொன்னால் வெறும் வருடங்கள்தான்.

படிப்பை விட்டுவிட்டு மகளும் ஆலைக்கே போகும் இடத்தில் கொஞ்சம் பேசாமல் இருங்கள், மாணவர்களே பேச ஆரம்பிப்பார்கள். ஒன்று மட்டும், இது 2009 படம். இன்றைய சீனாவில் கூலி எவ்வளவோ ஏறிவிட்டது, அதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.