சைலன்சர் வெடிக்கிறது, நாலு காயிலையும் வாங்க வேண்டுமா?

கேள்வி: என்னுடையது நாலு சிலிண்டர் பெட்ரோல் கார், தீப்பொறிக்கு வேண்டிய அதிக வோல்ட்டைத் தரும் காயில், பிளக்குக்கு ஒன்று வீதம் நாலு. மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி திணறி, சைலன்சரில் டப் டப்பென்று வெடிக்கிறது. அப்போது செக் எஞ்சின் லைட் மினுக்குகிறது. மெக்கானிக் நாலு காயில், நாலு பிளக் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: பிளக் சரி, நாலையும் சேர்த்தே மாற்றலாம். ஆனால் நாலு காயிலும் ஒன்றாகப் போவது அபூர்வம், அதனால் எது போயிருக்கிறது என்று காட்டாமல் நாலுக்கும் காசு கேட்டால் கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு சிலிண்டரில் தீப்பொறி சரியாக வராவிட்டால் பெட்ரோல் எரியாமல் வெளியே போய், சூடான எக்ஸாஸ்ட் குழாயில் பற்றிக்கொள்ளும். நீங்கள் கேட்கும் வெடி அதுதான். மேட்டில் மட்டும் வருவதற்கும் காரணம் இருக்கிறது: மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும், நலிந்த காயிலால் அது முடியாது, அல்லது மின்சாரம் வேறு சுலபமான வழி தேடிக்கொள்ளும்.

முதலில் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழை எண்ணைப் படிக்கும் ஸ்கேனரைப் போடச் சொல்லுங்கள். பி0303 என்ற எண் வந்தால் கோளாறு மூன்றாம் சிலிண்டரில். எஞ்சினை நிறுத்தி, மூன்றாவது காயிலையும் ஒன்றாவதையும் இடம் மாற்றி, அந்தப் பிழை எண்ணை அழித்துவிட்டு அதே மேட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கட்டும். இப்போது பி0301 வந்தால் காயில்தான், ஒன்று வாங்கினால் போதும். பி0303 அப்படியே நின்றால் பிளக், அப்புறம் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். புதுக் காயில் போட்டு எந்தப் பயனும் இல்லை. இதற்கு எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை, ஏனோ பலர் செய்வதில்லை.

கழற்றிய பிளக்கை நீங்களும் கையில் வாங்கிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு ஓடினால் மின்சாரம் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே கோடு இருக்கும், பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு அந்த உறையை விட்டால் தொல்லை திரும்பி வரும். உறை பல வண்டிகளுக்குத் தனியாகவே கிடைக்கும்.

பிளக் வாங்கும்போது வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையே கேளுங்கள். போலிகள் நிறைய உலவுவதால் ரசீது வாங்குங்கள், கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.

லைட் மினுக்கும்போது மட்டும் மிதித்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கி உருக்கிவிடும், அதன் விலைக்கு முன்னால் நாலு காயில் ஒன்றுமே இல்லை.

கேள்வி: ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய கார். பிளக் ஒயர் மாற்றியதிலிருந்து கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது. புது ஒயர் மட்டமா?

பதில்: ஒயரைக் குறை சொல்லுமுன் மாட்டியிருக்கும் வரிசையைப் பாருங்கள். பெரும்பாலான நாலு சிலிண்டர் எஞ்சின்களில் சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் சுற்றும் திசையிலேயே எண்ண வேண்டும். ஒயர் மாறினால் இன்டேக் வால்வு திறந்திருக்கும்போதே பொறி விழுந்து, கார்புரேட்டர் பக்கம் திருப்பி அடிக்கும். வரிசை சரியென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் (கேப்) விரிசல் இருக்கிறதா, பொறி விழும் நேரம் (டைமிங்) நகர்ந்திருக்கிறதா பாருங்கள். ஒயரைத் திருப்பிக் கொடுப்பது அதற்கப்புறம்தான்.