கிராணியைக் கேளுங்கள்: நீல அட்டையில் எந்தப் பக்கம்?

கேள்வி: கிராணி ஐயா, வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்தில் இருக்கிறேன். 31 வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்டபத்து ஓரத்தில் மேசை போட்டு, பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பணம் வாங்குவார்கள். மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) கட்டி வந்தேன். வீட்டுக்காரர் இறந்ததும் அவருடைய சேமநிதிப் பணத்தில் 18,000 வெள்ளியை அங்கேயே போட்டேன். போன வருஷம் சங்கம் படுத்துவிட்டது. கணக்கை முடிக்க லிக்விடேட்டர் ஒருவரைப் போட்டிருக்கிறார்களாம். மூப்பரைக் கேட்டால் "ஜெபத்தில் வையுங்கள் அக்கா" என்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்டு அவரிடம் பாரம் (படிவம்) எழுதிக் கொடுத்தால் சபை மேலேயே கேஸ் போட்ட மாதிரி ஆகிவிடுமா? பணம் வருமா? மகன் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் 4,000 வெள்ளியை இனி எங்கே போடுவது?

பதில்: அம்மா, பணம் வரலாம். முழுசாக வரும் என்று மட்டும் என் வாயால் சொல்ல மாட்டேன்.

கடிதத்தோடு சங்கத்தின் நீலக் கணக்கு அட்டையின் போட்டோஸ்டாட் வைத்து அனுப்பினீர்களே, அது நல்லதாகப் போயிற்று. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் 'சியர்', அதாவது பங்கு. வலப்பக்கம் 'சிம்பானான்', அதாவது சேமிப்பு. உங்கள் 50 வெள்ளி எல்லாம் இடப்பக்கம். 18,000 முதலில் வலப்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அப்புறம் அதன் மேல் ஒரு கோடு. அதே தொகை இடப்பக்கத்தில். பக்கத்தில் யாருடைய கையெழுத்தும் இல்லை. தோட்டத்துக் கிராணியாக, அதாவது கணக்கப்பிள்ளையாக, 38 வருஷம் செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு) எழுதியவன் நான். அரை நாள் பேரை அடித்துத் திருத்தினால்கூட ஓரத்தில் சுருக்கொப்பம் போடாமல் துரை ஆபீசை விட்டு வெளியே விடமாட்டார்.

இது சின்ன விஷயம் இல்லை. சங்கத்தைக் கலைக்கும்போது மிஞ்சும் சொத்தை விற்று முதலில் கடன்காரர்களுக்குத்தான் கொடுப்பார்கள். சேமிப்புப் போட்டவர் சங்கத்துக்குக் கடன் கொடுத்தவர் கணக்கில் வருவார். பங்கு வாங்கியவர் சங்கத்தின் சொந்தக்காரர். சொந்தக்காரருக்குக் கடைசிப் பந்தி, இலையில் என்ன மிஞ்சுகிறதோ அது. அந்த ஒரு கோடு உங்களை முதல் பந்தியிலிருந்து எழுப்பிக் கடைசிப் பந்தியில் உட்கார வைக்கிறது.

இதே கதை வட அயர்லாந்தில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அங்கே பிரெஸ்பிட்டேரியன் என்ற கிறிஸ்தவ சபையாருக்கென்று 1982ல் ஒரு பரஸ்பர சங்கம் தொடங்கினார்கள். கிட்டத்தட்ட 10,000 பேர், 300 மில்லியன் பிரிட்டிஷ் பவுனுக்கு மேல் பணம். சங்கம் அதை நிலத்திலும் கட்டடத்திலும் நிறைய இறக்கியிருந்தது. 2008ல் உலகமெங்கும் வங்கிகள் ஆட்டம் கண்டபோது, வங்கியில் உள்ள பணத்துக்கு அரசாங்கங்கள் உத்தரவாதம் கொடுத்தன. சங்கத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் ஓடிப்போய்ப் பணத்தை எடுக்க, அந்த நவம்பரிலேயே சங்கம் நிர்வாகி கைக்குப் போனது.

வேடிக்கை என்னவென்றால், அங்கே 20,000 பவுன் வரைதான் பங்கு. அதற்கு மேல் போட்டால் அது சங்கத்துக்குக் கொடுத்த கடன். ஆக, நிறையப் போட்டவர் வரிசையில் முன்னால், கொஞ்சமாகப் போட்ட பாட்டி பின்னால்! அவர்கள் சும்மா இருக்கவில்லை. எம்பிக்களுக்குக் கடிதம் எழுதினார்கள். விவகாரம் லண்டன் நாடாளுமன்றக் குழு வரை போனது. 2011ல் 175 மில்லியன் பவுன் அரசாங்கக் கடன், கூடவே 50 மில்லியன் நிதி என்று ஏற்பாடானது. சபையும் 1 மில்லியன் போட்டது. 20,000 பவுனுக்குள் இருந்தவர்களுக்கு முழுத் தொகையும் திரும்பியது. பெரிய தொகைக்காரர்கள் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. உங்களுக்கும் அரசாங்கம் வந்து கொடுக்கும் என்று இதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கேட்டவர்களும் சபையார்தான் என்பதற்காகத்தான் சொல்கிறேன். அங்கே சங்கம் வேறு, சபை வேறு என்றுதான் சட்டம் பார்த்தது. உங்கள் பாரமும் சங்கத்தின் மேல்தான். போதகரின் அங்கியை யாரும் இழுக்கப் போவதில்லை.

ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் லிக்விடேட்டருக்கு ஜெபம் போய்ச் சேராது, பாரம்தான் போய்ச் சேரும்.

இப்போது செய்ய வேண்டியது: லிக்விடேட்டரிடம் 'புக்தி ஹுத்தாங்' பாரம், அதாவது சங்கம் உங்களுக்குப் பட்ட கடனைக் காட்டும் படிவம், கேளுங்கள், கடைசித் தேதியையும் கேளுங்கள். தேதி தவறினால் பணத்தைப் பங்கு வைக்கும்போது உங்கள் பெயர் விடுபட்டுவிடும். 18,000 வெள்ளியைச் சேமிப்பு என்றே எழுதுங்கள். அடித்துத் திருத்தியது எனக்குத் தெரியாது, நான் சம்மதிக்கவில்லை என்று தனியாக ஒரு வரி சேருங்கள். உண்மையாக இருந்தால் மட்டும். சேமநிதிப் பணம் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று வங்கிப் புத்தகத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்து வையுங்கள். அட்டையின் அசலை யாருக்கும் கொடுக்க வேண்டாம், மூப்பருக்கும் கூடத்தான். கொடுக்கிற ஒவ்வொரு தாளுக்கும் உங்கள் நகலில் 'தெரிமா' சாப், அதாவது பெற்றுக்கொண்டோம் என்ற முத்திரை, குத்தி வாங்குங்கள். கூட்டுறவுச் சங்கங்களைக் கவனிப்பது 2008ல் அமைந்த சுருஹான்ஜாயா கோப்பராசி மலேசியா, அதாவது மலேசியக் கூட்டுறவு ஆணையம். திருத்தியதைப் பற்றிய புகார் அங்கேயும் போகட்டும். உங்களைப் போல எத்தனை அட்டையில் கோடு விழுந்திருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை பக்கத்து பெஞ்சில் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் சேர்ந்து போனால் கவுன்டரில் உள்ளவர் முகம் மாறும்.

நானும் ஏமாந்தவன்தான். 1986ல் இந்த நாட்டில் 24 கூட்டுறவுச் சங்கங்களின் சொத்தை முடக்கினார்களே, அதில் ஒன்றில் என் 800 வெள்ளி இருந்தது. தோட்டத்துக்காரன் சங்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவான். அப்போதைய மந்திரி துன் சம்பந்தன் 1960ல் ஆரம்பித்த நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டமே வாங்கிய ஜனம் அல்லவா! என் வீட்டுக்காரி ரசீதுகளை மைலோ டின்னில் போட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தாள். கரையான் தின்னாமல் அவை தப்பித்ததால் சில வருஷம் கழித்துக் காசு வந்தது. அடுத்த லயத்துக்காரர் ரசீதைத் தேடிக்கொண்டே இருந்தார்.

கல்யாணக் காசு 4,000: பிஐடிஎம் (வங்கிச் சேமிப்புக்குக் காப்புத் தரும் அரசாங்க அமைப்பு) சின்னம் ஒட்டிய வங்கியில் போடுங்கள். அந்த வங்கி விழுந்தால் ஓர் ஆளுக்கு 250,000 வெள்ளி வரை காப்பு உண்டு. கூட்டுறவுச் சங்கத்துக்கு அது கிடையாது. கவுன்டரில் இருக்கும் பிள்ளை 'இன்னும் நல்ல வட்டி' என்று வேறு ஏதாவது தாளை நீட்டினால், இது பிஐடிஎம்மில் வருமா என்று கேளுங்கள். வராது என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்கே போதும். கல்யாணம் எப்போது?