பழைய உரிமையாளரின் கருவிகள் உங்கள் வீட்டில் யார் பேச்சைக் கேட்கின்றன?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் ஒருவர் குடியிருந்த கொண்டோவை வாங்கி வந்திருக்கிறோம். விவேகக் கதவுப்பூட்டு, இரண்டு கேமரா, ஏர்கோன் கட்டுப்பாட்டுக் கருவி, விளக்குகள் எல்லாவற்றையும் அவர் அப்படியே விட்டுப் போனார். கதவைத் திறந்தால் ஏர்கோன் தானாக ஓடுகிறது. வீட்டில் யாருமில்லாத மதியத்திலும் சில நாள் ஓடியிருக்கிறது. எங்கள் புது ரௌட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்துக் கொடுத்த குத்தகையாளர் (கான்ட்ராக்டர்), "கருவிகளுக்குள் பழைய உறவு ஒட்டிக்கொண்டிருக்கிறது, 6ஜி செட் போட்டால்தான் அறும்" என்று 3,800 ரிங்கிட் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உறவு இருப்பது உண்மை. ஆனால் அது அலைவரிசையில் இல்லை, பழைய உரிமையாளரின் செயலிக் கணக்கில் இருக்கிறது. 'பூட்டு திறந்தால் ஏர்கோனை ஓட்டு' என்ற கட்டளையை அவர் அங்கே எழுதி வைத்திருக்கிறார். மதியத்தில் ஓடுவதற்கு அவர் வைத்த நேர அட்டவணை காரணமாக இருக்கலாம், அல்லது அந்தக் கணக்கில் இன்னும் உறுப்பினராக உள்ள யாரோ பொத்தானை அழுத்தியிருக்கலாம். பழைய வைஃபை பெயரையே வைத்ததால் கருவிகள் எல்லாம் மறுபடி இணையத்துக்குப் போய் அந்தக் கணக்கோடு சேர்ந்துகொண்டன. குத்தகையாளருக்கு அது அரை மணி நேர வேலையை மிச்சப்படுத்தியது. அவர் விற்கப் பார்க்கும் மருந்துக்கான நோயை அவரே உண்டாக்கியிருக்கிறார்.

முதலில் கதவுப்பூட்டு, இன்றைக்கே. வைஃபையை மாற்றினாலும் பழைய விரல்ரேகைகளும் எண்களும் அட்டைகளும் பூட்டுக்குள்ளேயே இருக்கும். கதவைத் திறந்து வைத்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, புது பேட்டரி போட்டு ரீசெட் செய்யுங்கள். ரீசெட் பொத்தான் பெரும்பாலும் உள்பக்கத்தில், பேட்டரி மூடிக்குக் கீழே இருக்கும். ரீசெட் ஆனதும் பல பூட்டுகள் 123456 போன்ற ஆரம்ப எண்ணுக்குத் திரும்பிவிடும், சில எந்த விரலுக்கும் திறக்கும். புது எண்ணைப் பதியாமல் கதவைச் சாத்தாதீர்கள்.

அடுத்தது கேமரா. இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். விளக்கு, ஏர்கோன் கருவி போன்ற பலவற்றை ரீசெட் செய்து உங்கள் செயலியில் சேர்த்தால் பழைய கணக்கு தானாக விலகிவிடும். பல கேமராக்கள் அப்படியல்ல. ஊசியால் எத்தனை முறை குத்தி ரீசெட் செய்தாலும், 'இது வேறொருவர் கணக்கில் உள்ளது' என்றே காட்டும். திருடியவன் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. நியாயமாக வாங்கியவருக்கும் அதே கதி. எனவே ரீசெட்டுக்கு முன்பே பழைய உரிமையாளரைக் கூப்பிட்டு, அவர் செயலியில் ஒவ்வொரு கருவியையும் நீக்கச் சொல்லுங்கள். 'தகவல்களையும் அழி' என்ற தேர்வு இருந்தால் அதைத்தான் அழுத்த வேண்டும். செயலியையே கைப்பேசியிலிருந்து அழிப்பது நீக்கியதாகாது. அப்படிச் செய்துவிட்டு "எல்லாம் எடுத்துவிட்டேன்" என்று சொல்கிறவர்கள் நிறைய. நீக்கிய பிறகு திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் பதில் தராவிட்டால், அடியில் உள்ள வரிசை எண்ணின் படத்தோடும் வீட்டு ஒப்பந்தத்தின் பொருள் பட்டியலோடும் தயாரிப்பாளரின் சேவைப் பிரிவுக்கு எழுதலாம். கடை ரசீது இல்லையென்றால் சிலர் மறுத்துவிடுவார்கள். அப்படியானால் கேமராவைக் கழற்றி வீசிவிடுங்கள். கணக்கு மாறாத கேமராவை மின்சாரத்தில் வைத்திருக்கவே கூடாது.

நம் விற்பனை ஒப்பந்தங்களில் திரைக்கம்பி, தண்ணீர் ஹீட்டர், சமையலறை அலமாரி எல்லாம் வரிசையாக இருக்கும். வீட்டுக்குள் பார்க்கும் கண் யார் கணக்கில் இருக்கிறது என்று ஒரு வரி இருக்காது. முகவர் கேட்பதில்லை, வழக்கறிஞரும் கேட்பதில்லை. சாவிக் கொத்தை எண்ணிக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கருவியில் உள்ள சிரிம் (மலேசியத் தரச் சான்று அமைப்பு) முத்திரையைக் காட்டி "பாதுகாப்பானது" என்பவர்களையும் நம்பாதீர்கள். அது தொழில்நுட்பத் தரத்துக்கானது, கணக்கு யாருடையது என்று பார்ப்பதற்கல்ல.

இதன் பிறகு வைஃபை பெயர், கடவுச்சொல் இரண்டையும் மாற்றுங்கள். கருவிகளைச் சேர்க்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தனிப் பெயரில் இருக்கட்டும். மலிவான கருவிகள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது, 'இணைக்க முடியவில்லை' என்று தோற்றுப்போகும். ரௌட்டரின் வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தாலும் இதே தொல்லை வரும். பழைய முறையான டபிள்யூபிஏ2 கலந்த தேர்வுக்கு மாற்றுங்கள். மேட்டர் (பல நிறுவனக் கருவிகளும் சேர்ந்து இயங்குவதற்கான பொதுத் தரம்) முத்திரையுள்ள விளக்குகள் ஒரே நேரத்தில் ஐந்து கட்டுப்பாட்டாளர்களையாவது ஏற்கக்கூடியவை. உங்கள் செயலியில் சேர்ந்துவிட்டதாலேயே பழையவர் போய்விட்டார் என்று ஆகாது, முழு ரீசெட் வேண்டும். மறுபடி சேர்க்கத் தேவைப்படும் அதன் 11 இலக்க இணைப்பு எண்ணைப் படமெடுத்து வையுங்கள்.

இனி 6ஜி, அதாவது 5ஜிக்கு அடுத்த கைப்பேசி வலையமைப்புத் தலைமுறை பற்றி. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதன் பொதுச் சட்டகத்தை 2023இல்தான் ஏற்றது. தொழில்நுட்ப விதிகள் 2030ஐ ஒட்டி முடியும் என்பது திட்டம். இன்றைக்கு '6ஜி செட்' என்று எதை விற்றாலும் அது வெறும் அட்டைப்பெட்டி எழுத்து. கோலாலம்பூரில் 2021 டிசம்பரிலேயே வந்த 5ஜிகூட அதிகபட்சம் உங்கள் ரௌட்டர் வரைதான் வரும். பூட்டும் ஏர்கோனும் பேசிக்கொள்வது வைஃபை, சிக்பீ, புளூடூத் வழியாக.

குத்தகையாளர் 'உறவு' என்பதை எங்கோ படித்திருக்கலாம். அட்சோரி, இயேரா, மொராபிட்டோ என்ற இத்தாலிய ஆய்வாளர்கள் 2011இல் முன்வைத்த யோசனை அது: ஒரே தயாரிப்புத் தொகுதியில் பிறந்தவை, ஓரிடத்தில் இருப்பவை, சேர்ந்து வேலை செய்பவை, ஒரே உரிமையாளருடையவை, அடிக்கடி சந்திப்பவை என்று கருவிகளுக்குள் ஐந்து வகை உறவு. யாரை நம்பித் தகவல் தருவது என்பதை வரும் வலையமைப்புகளில் கருவிகளே இதை வைத்து முடிவுசெய்யும் என்பது எதிர்பார்ப்பு. உங்கள் வீட்டில் அறுக்க வேண்டியது நான்காவது உறவை மட்டும்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், '6ஜி' என்ற சொல்லோடு எழுத்து மூலமான விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதியலாம். வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தால் அங்கே நிரூபிப்பது கடினம்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து ரௌட்டரின் இணைப்புப் பட்டியலைப் பாருங்கள். புதுக் கடவுச்சொல் கொடுக்காத எதுவும் அங்கே வரக்கூடாது. பட்டியல் சுத்தமாக இருந்தும் ஏர்கோன் தானாக ஓடினால், அலமாரி மேலோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ பழைய ஹப் (கருவிகளை ஒன்றிணைக்கும் சிறு பெட்டி) ஒன்று மின்சாரத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். சில ஹப்கள் தமக்குள் பதிந்த கட்டளைகளை இணையமே இல்லாமல் நடத்தும்.